ஒரு மணி நேரம் ஊறிய நாக்குகள்

தன் மகள் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்ற செய்தி வந்து சேர்ந்தபோது, ஃபார்மலின் அக்கா ஒரு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் எலி நாக்குகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

முழு நாக்குகள் அல்ல. தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடி ஸ்லைடுகளில் ஒட்டிய நாக்குத் துண்டுகள். ஸ்லைடுகளைச் சூடான கரைசலில் இருபது நிமிடம் வைத்தெடுத்தால், துண்டுகளுக்குள் இறுகிக் கிடக்கும் புரதங்கள் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், அப்புறம் சாயம் பிடிக்கும் என்பது அக்காவின் திட்டம். புரதம் இளகியதோ இல்லையோ, துண்டுகளின் பிடி இளகிவிட்டது. பதினாறும் ஸ்லைடை விட்டுக் கழன்று மீன்குஞ்சுகளைப் போல வட்டமடித்தன. அக்கா ஒரு மெல்லிய தூரிகையோடு அவற்றைத் துரத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையில் கையுறை. முழங்கையால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, உக்காந்திருக்கியா?"

"நிக்கிறேன். சொல்லு."

"முதல்ல உக்காரு."

"நாக்கெல்லாம் மிதக்குதுடி. சீக்கிரம் சொல்லு."

"நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். ரெண்டு வருஷமாப் பழக்கம். நல்ல பையன். லிஃப்ட் மெக்கானிக்."

அக்கா உட்கார்ந்தாள். மகளுக்கு இருபத்தேழு வயது, மருத்துவமனையில் பிசியோதெரபி செய்பவள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே இடுப்பைப் பிடித்துவிட வரட்டுமா என்று கேட்டு வாயை அடைப்பவள்.

"யாரு வீட்டுப் பையன்?"

"உனக்குத் தெரிஞ்ச வீடுதான்மா. ரொம்ப நல்லாவே தெரியும்." மகள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ நிமிர்ந்து பார்த்தா, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவரோட அப்பா இருப்பாரு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

சாயம் போடும் அறைக்கும் திசு வெட்டும் குளிர் அறைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம், காதுவரை இழுத்த கம்பளித் தொப்பியும் தடித்த மேல்சட்டையுமாக, ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மைனஸ் இருபது என்று கூப்பிடும் மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் ஒரு போன். அவர் வாயும் திறந்திருந்தது. பிள்ளைகள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்து ஒரே நிமிடத்தில் போன் செய்திருந்தார்கள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சுதாரித்தவர் மைனஸ் இருபதுதான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். இருபத்தோரு வருஷத்தில் அவருக்கு வழுக்கை விழுந்திருப்பதை அக்கா அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

அந்த இருபத்தோரு வருஷச் சண்டையைச் சொல்லாவிட்டால் இந்தக் கல்யாணத்தின் விபரீதம் புரியாது.

உயிர் போன நிமிடத்திலிருந்து திசு தன்னைத் தானே தின்னத் தொடங்கிவிடும். அதை அந்த நிலையிலேயே பிடித்து நிறுத்த வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதை ஃபிக்ஸ் பண்ணுவது என்பார்கள். அக்காவுக்கு ஃபார்மலின்தான் எல்லாம். அதுவும் கடையில் வரும் பாட்டிலைத் தொடமாட்டாள். காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, வெள்ளைப் பொடியை அறுபது டிகிரி வெந்நீரில் போட்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பால் போன்ற கலங்கல் சட்டென்று தெளிந்து கண்ணாடியாகும் கணத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அது புரதங்களைப் பக்கத்துப் புரதங்களோடு தைத்துவிடும். ஒரு நாள் முழுக்க ஊறிய திசு கட்டுக்குலையாமல் நிற்கும். வடிவம் பிசகவே பிசகாது.

"தைக்கலாம் மேடம். பையைத் தைக்கிறப்போ பையோட வாயையும் சேர்த்துத் தைச்சா எப்படி?" என்பார் மைனஸ் இருபது. தேடுகிற புரதத்தை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி வந்து பிடித்துக்கொள்ள வேண்டிய இடமும் அந்தத் தையலுக்குள் மூடிப்போய்விடுகிறது என்பது அவர் வழக்கு. அவருடைய ஆள் மெத்தனால். திசுவை அப்படியே உறைய வைத்து, வெட்டி, மைனஸ் இருபது டிகிரி குளிரில் வைத்த மெத்தனாலில் பத்து நிமிடம் முக்கினால் போதும். தையல் கிடையாது, நீரை உறிஞ்சிப் புரதத்தை இருந்த இடத்திலேயே உட்கார வைத்துவிடும்.

"உக்காருமா அது? சுருண்டு படுத்துக்கும் சார்," என்பாள் அக்கா. "உங்க ஸ்லைடைப் பார்த்தா மழையில நனைஞ்ச போஸ்டர் மாதிரி இருக்கு."

நேரில் பேசினால் குரல் ஏறிவிடுகிறது என்று ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியை இருவரையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதனால் ஜன்னல் கண்ணாடியில் இருபுறமும் சீட்டுகள் ஒட்டப்பட்டன. "திசு செங்கல் மாதிரி இருக்கிறது. கொத்தனாரை அனுப்பவும்." "பிளேடை வருஷத்துக்கு ஒரு முறையாவது மாற்றவும்." இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆய்வுக்கூடத்துக் குடும்ப விருந்தில் இந்தச் சண்டை சாப்பாட்டு மேசைக்கே வந்து, இருவரையும் ஆளுக்கொரு மூலைக்கு அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அழைத்துப்போனவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். திரும்பி வந்து, மீதிச் சாப்பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது ஆரம்பித்தது அது.

செய்தி வந்த அன்று மாலை அக்காவின் கணவர், மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பவர், கையைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்.

"கல்யாணம் முடியற வரைக்கும் அந்த மனுஷனோட சண்டை போடாதே. உன்னால முடியுமா?"

"ஏன் முடியாது. நான் என்ன குழந்தையா?"

மைனஸ் இருபது வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. அவர் மனைவி நீச்சல் பயிற்சியாளர். எதையும் குளத்தின் மறுகரைக்குக் கேட்பது போலத்தான் சொல்வார். "சம்பந்தியம்மா என்ன சொன்னாலும் சரின்னு சொல்லுங்க. அவ்வளவுதான்." அந்தத் தெருவில் பலருக்கும் அது கேட்டிருக்கும்.

மறுநாள் காலை ஜன்னலில் ஒரு சீட்டு இருந்தது. அழகான கையெழுத்து.

"மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு, நேற்றைய திசு சற்று உறுதியாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது."

அக்கா அதை மூன்று தடவை படித்தாள். குத்தல் எங்கே இருக்கிறது என்று தேடினாள். இல்லை. பதில் எழுதினாள். "அன்புள்ள சம்பந்திக்கு, வெட்டிய விதம் வெகு நேர்த்தி. பிளேடு பற்றி முன்பு எழுதியதை மறந்துவிடவும்."

அதற்கப்புறம் ஆய்வுக்கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. கதவருகே இருவரும் எதிர்ப்பட்டால் "நீங்க போங்க", "இல்ல நீங்க போங்க" என்று நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழியில்லாமல் போனது. அக்கா அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அவளுக்குப் பிப்பெட் முனைகளைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்தார். நான்காம் நாள் பேராசிரியை இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"இல்லையே," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"எதுக்குக் கேக்கறேன்னா, பயமா இருக்கு."

பேராசிரியைக்குக் கவலைப்படக் காரணம் இருந்தது. நாக்கின் சுவை மொட்டுகளில், புளிப்பை உணரும் செல்களில் மட்டும் ஒரு புரதம் இருக்கிறது என்று அவர் ஐந்து வருஷமாகச் சொல்லிவருகிறார். அதைப் பிடிக்க ஒரு முயலின் உடம்பில் ஆன்டிபாடி தயாரித்து வாங்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. வந்தது நான்கே நான்கு சின்ன ட்யூப். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுக்கு மேல் இல்லை. முதல் ட்யூப் அக்காவுக்குப் போனது. ஸ்லைடு நிலவில்லாத வானம் மாதிரி இருந்தது. வெந்நீர் வைத்தியமும் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். இரண்டாவது மைனஸ் இருபதுக்கு. ஏதோ மினுங்கியது, ஆனால் எந்தச் செல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடவுளுக்கே தெரியாது.

"மூணாவது ட்யூபை ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணுங்க," என்றார் பேராசிரியை. "சேர்ந்து. தனித்தனியா ரெண்டு பேர் கிட்டயும் எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

விலங்குக் கூடத்திலிருந்து புதுத் திசு வெள்ளிக்கிழமைகளில்தான் வரும். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம்.

"எட்டரைக்குத் திசு வந்துடும். போட்டுட்டுப் போயிடலாம்," என்றாள் அக்கா மகளிடம்.

மகள் அவளை வெகு நேரம் பார்த்தாள். "அம்மா, நீ இவ்வளவு அமைதியா இருக்கறது நல்லதா கெட்டதான்னே எனக்குத் தெரியல."

வெள்ளிக்கிழமை காலை அக்கா கல்யாண உடுப்பின் மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கூண்டின் முன்னால் நின்றாள். மைனஸ் இருபது புதுச் சட்டையில், வாசனை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எட்டரைக்கு வர வேண்டிய நாக்குகள் ஒன்பதேகாலுக்குத்தான், ஐஸில் வைத்த சின்னப் புட்டியில் வந்தன. இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பருப்பளவு. அக்கா அவற்றைத் தெளிந்த ஃபார்மலினுக்குள் இறக்கிவிட்டு, டைமரில் இருபத்து நான்கு மணி நேரம் வைக்கப் போனாள்.

பின்னால் ஒரு இருமல் கேட்டது.

"சம்பந்தி, ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க சம்பந்தி."

"ஒரு நாள் கொஞ்சம் ஜாஸ்தியோன்னு தோணுது. ஒரு மணி நேரத்துல எடுத்துட்டா என்ன?"

ஒரு மணி நேரம். அக்காவுக்குக் காது சூடாயிற்று. ஒரு மணி நேரத்தில் மேல்தோல்கூடச் சரியாக ஊறியிருக்காது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு ஜன்னல் முழுக்கச் சீட்டு ஒட்டியிருப்பாள். ஆனால் மகள் இந்நேரம் கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டிருப்பாள்.

"உங்களுக்கு அப்படித் தோணுச்சுன்னா அப்படியே செஞ்சிடலாம்." டைமரில் ஒரு மணி நேரத்தை வைத்தாள். "அதுக்கப்புறம் நீங்க மெத்தனால்ல போடணும்னு நினைக்கிறீங்களா?"

அதைத்தான் அவர் நினைத்திருந்தார். தையல் போட்டதைப் பிறகு மெத்தனாலில் முக்கிக் கொஞ்சமாவது காப்பாற்றலாம் என்று. ஆனால் 'மெத்தனால்' என்று சொல்லும்போது சம்பந்தியம்மாவின் உதடு கோணியதைப் பார்த்துவிட்டார்.

"சேச்சே. மெத்தனால் எதுக்கு? உங்க வழக்கப்படி சக்கரைக் கரைசல்ல ஊற வச்சுக் குடுங்க. அப்படியே உறைய வச்சு வெட்டிடறேன்."

அரைகுறையாக ஊறியதை அப்படியே வெட்டுவதா என்று அவருக்கே பொறுக்கவில்லை. மூன்றாவது ட்யூப் போயிற்று என்று இருவரும் மனதுக்குள் முடிவு கட்டினார்கள். போகட்டும், நான்காவது இருக்கிறது. பிள்ளைகள் நன்றாக இருந்தால் சரி.

டைமர் அடித்தது. அக்கா நாக்குகளை எடுத்து மூன்று முறை அலசி, உறையும்போது பனித்துகள் திசுவைக் கிழிக்காமல் காக்கும் சர்க்கரைக் கரைசலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தாள். அதற்குள் மணி பத்து நாற்பது. இருவரும் படிக்கட்டில் ஓடினார்கள், ஏனென்றால் லிஃப்டைப் பழுதுபார்க்க வேண்டியவனுக்கு அன்றைக்குக் கல்யாணம். டாக்சி கிடைக்கவில்லை. பஸ் நின்ற இடத்திலிருந்து பதிவாளர் அலுவலகம்வரை பாதி நடை, பாதி ஓட்டம். வாசலில் நீச்சல் பயிற்சியாளர் வாயில் விசிலை வைத்துக்கொண்டு நின்றார். இவர்களைப் பார்த்ததும் ஒரு நீள ஊதல் ஊதினார். தெருவில் போன நான்கு பேர் ஓடத் தொடங்கினார்கள்.

பதிவாளர் மூக்கைச் சுருக்கி, "ஏதோ மருந்து வாசனை," என்றார். மணமக்கள் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சியாக அக்கா பேனாவை எடுத்துக் குனிந்தபோது, மாப்பிள்ளை மெதுவாக அவள் காதருகே சொன்னான்.

"அத்தை, உங்க இடது கையில இன்னும் கையுறை இருக்கு."

ஊதா நிறக் கையுறை. எல்லாவற்றையும் கழற்றித் தூக்கிப் போட்டவள் புறப்படும் அவசரத்தில் குளிர்பெட்டியை இன்னொரு தடவை திறந்து பார்க்க ஒன்றை மாட்டியிருக்கிறாள். கையுறையோடு யாராவது தாழ்வாரத்தில் நடந்தாலே ஆய்வுக்கூடத்தை இரண்டாக்குகிறவள் அவள். மகள் அதைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டபோது முகத்தில் இருந்த விறைப்பு உடைந்து சிரிக்கத் தொடங்கினாள். அக்காவின் கணவர் சிரித்தார். பதிவாளர் என்னவென்று தெரியாமலே சிரித்தார். கல்யாணப் படத்தில் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அக்கா மட்டும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

திங்கட்கிழமை மைனஸ் இருபது அந்தத் திசுவை வெட்ட உட்கார்ந்தார். பிளேடு பட்டதும் வெண்ணெய் மாதிரி வழிந்தது. பழைய நாளாக இருந்தால் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு ஜன்னலில் ஒரு இரங்கற்பா ஒட்டியிருப்பார். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு பிளேடை மாற்றினார். இயந்திரத்தின் குளிரை நான்கு டிகிரி கூட்டினார். மறுபடி பிளேடை மாற்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுருளப் பார்த்த ஒவ்வொரு துண்டையும் தூரிகையின் ஒற்றை மயிரால் நீவினார். மூன்று மணி நேரத்தில் பதினெட்டுத் துண்டுகள் தேறின. நிமிர்ந்தபோது இடுப்பு நிமிரவில்லை. ஸ்லைடுகளின் மேல் ஒரு சீட்டு வைத்து அனுப்பினார். "அருமையான திசு."

பொய் என்று தெரிந்தும் அக்கா நன்றி எழுதினாள். மூன்றாவது ட்யூபின் சொட்டை நீர்த்துத் துண்டுகளின் மேல் விட்டு, ஈரப் பெட்டியில் மூடி இரவு முழுக்கக் குளிரில் வைத்தாள். ஒரே ஒரு ஸ்லைடுக்கு மட்டும் ஆன்டிபாடி விடவில்லை. அது இருட்டாகவே இருந்தால்தான் மற்றவற்றில் தெரியும் ஒளியை நம்பலாம். செவ்வாய்க்கிழமை காலை, முயலின் ஆன்டிபாடியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் பச்சைச் சாயத்தை எல்லா ஸ்லைடுகளிலும் விட்டு, ஒரு மணி நேரம் மூடி வைத்து, அலசினாள். பதினொரு மணிக்கு இருவரும் மைக்ராஸ்கோப் அறை வாசலில் நின்றார்கள்.

"நீங்க முதல்ல பாருங்க சம்பந்தி."

"இல்ல, நீங்க வெட்டினது. நீங்கதான் பாக்கணும்."

"சாயம் போட்டது நீங்க."

உண்மையில் முதலில் பார்க்கிறவர்தான் முதலில் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். இருவருக்கும் அந்தத் தைரியம் இல்லை. கடைசியில் அக்கா உட்கார்ந்தாள். விளக்கை அணைத்தார்கள். ஆன்டிபாடி விடாத ஸ்லைடை முதலில் வைத்தாள். இருட்டு. சரிதான். அடுத்ததை வைத்தாள். நீல ஒளியைத் திறந்து, குமிழைத் திருகினாள்.

மைனஸ் இருபது காத்திருந்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. அக்கா அசையவில்லை. சரி, போச்சு என்று அவருக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் எவ்வளவோ வார்த்தைகளை இவளிடம் விட்டிருக்கிறோம், இன்றைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினார்.

"மனசை விட்டுடாதீங்க சம்பந்தி. நாலாவது ட்யூப் இருக்கு. என்னால முடிஞ்ச..."

அக்கா திரும்பாமலே கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலியைவிட்டுச் சறுக்கி இறங்கி, அவரைத் தள்ளி அதில் உட்காரவைத்தாள். அவர் கண்ணைப் பொருத்தினார்.

பூண்டு. பச்சைப் பூண்டு. கருப்பு வெளியில், உரித்து வைத்த பூண்டு போல ஒரு சுவை மொட்டு, அதன் ஐம்பது பற்களில் இரண்டே இரண்டு பற்கள் மட்டும் மேலிருந்து கீழ்வரை பற்றி எரிந்தன. பென்சிலால் கோடு போட்ட மாதிரி விளிம்புகள். கலங்கல் இல்லை, கசிவு இல்லை. அவர் ஸ்லைடை நகர்த்தினார். இன்னொரு பூண்டு. அதில் மூன்று பற்கள். அதற்கப்பால் இன்னொன்று.

"இது என்ன?" என்றார்.

"நாக்கு."

"எந்த நாக்கு?"

"நம்ம நாக்குதான் சம்பந்தி. வெள்ளிக்கிழமை நாக்கு."

"அந்த வெண்ணெயா?"

வாயை விட்ட பிறகுதான் 'அருமையான திசு' என்று எழுதியது நினைவுக்கு வந்தது. அக்கா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், அப்புறம் தோளால், அப்புறம் உடம்பு முழுக்க. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவரும் சிரித்தார், கண்ணில் நீர் வந்து மைக்ராஸ்கோப் மங்கலாகி, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்து, மறுபடி சிரித்தார். இருட்டறையில் இரண்டு பெரிய மனிதர்கள் 'நாலு, அஞ்சு, ஆறு' என்று மொட்டுகளை உரக்க எண்ணுவது தாழ்வாரத்தில் கேட்டது. பதினொன்று வரை எண்ணிவிட்டு, எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வந்தது. மூன்றாம் தடவை பத்து. அதற்கும் சிரித்தார்கள்.

பேராசிரியை யாரோ வெளியூர்க்காரர்களோடு கணினித் திரையில் கூட்டத்தில் இருந்தார். கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்து, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பூண்டு வரைந்தாள்.

"மன்னிக்கணும்," என்றார் பேராசிரியை திரையைப் பார்த்து. "எங்க ஆளுங்களுக்கு என்னவோ ஆயிடுச்சு."

அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எழுந்தார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷமாக அவர் சொன்னதை நம்பாத ஒவ்வொருவரின் முகமும் அவருக்குள் வந்து போயிருக்க வேண்டும். ஆள் கொஞ்ச நேரம் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் பிறகு. "ஒன்னு விடாம சொல்லுங்க."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரு மணி நேரம்தான் ஃபார்மலின்ல வச்சேன்," என்றாள் அக்கா.

"நீங்களா? ஒரு மணி நேரமா? ஏன்?"

அக்கா தரையைப் பார்த்தாள். "சம்பந்தி சொன்னாரு. சுத்தப் பைத்தியக்காரத்தனம்னு தோணுச்சு. கல்யாண நாளும் அதுவுமா அவர் மனசு கோணக் கூடாதேன்னு செஞ்சேன்."

மைனஸ் இருபது அவள் பக்கம் திரும்பினார். "பைத்தியக்காரத்தனமா?"

"நீங்க? மெத்தனால்ல போடலையா?" என்றார் பேராசிரியை அவரிடம்.

"இல்ல. சம்பந்தியம்மாவுக்கு முகம் சுருங்கிடுச்சு. சரி, அவங்க திருப்திக்கு அப்படியே வெட்டித் தொலைப்போம்னு..." நிறுத்தினார். "வெட்டிடுவோம்னு."

"தொலைப்போமா?" என்றாள் அக்கா.

பேராசிரியை தரையிலிருந்தபடியே சிரிக்க ஆரம்பித்து, விக்கல் வந்து, தண்ணீர் குடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சிரித்தார். "ரெண்டு பேரும் தப்புன்னு நினைச்சதை ரெண்டு பேரும் மரியாதைக்காகச் செஞ்சிருக்கீங்க," என்றார். "இதை நான் கட்டுரையில எப்படி எழுதறது?"

எழுதுவதற்கு முன் மறுபடி செய்து பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் அதற்கே போயின. நான்காவது ட்யூபின் சொட்டில் பாதியை மட்டும் எடுத்துப் பங்குபோட்டு, ஒரு மணி நேரம் ஊறியது, நான்கு மணி நேரம் ஊறியது, ஒரு நாள் ஊறியது, ஒரு மணி நேரம் ஊறிப் பிறகு மெத்தனாலில் முங்கியது என்று நான்கு வகை. ஒரு மணி நேரத் துண்டுகள் ஜெகஜோதியாக இருந்தன. நான்கு மணி நேரத்தில் ஒளி மங்கியது, ஒரு நாளில் அணைந்தே போயிற்று. மெத்தனாலில் முங்கியது எரிந்தது, ஆனால் விளிம்புகள் எல்லாம் கரைந்து வழிந்தன.

அட்டவணை மேசைக்கு வந்த கணத்தில் மரியாதைக் காலம் முடிந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி, தையல் அதிகமானா வாய் மூடிக்கும்னு நான் இருபத்தோரு வருஷமாச் சொல்றேன்."

"ஃபார்மலின் இல்லாம அந்த விளிம்பு வந்திருக்குமா சம்பந்தி? உங்க மெத்தனால் பண்ணின கூத்தைப் பாருங்க. பூண்டு ரசத்துல விழுந்த மாதிரி இருக்கு."

"நான் சொன்ன நேரம்."

"நான் காய்ச்சின மருந்து."

"அந்தக் குழகுழ திசுவை வேற எவன் வெட்டியிருப்பான்?"

"உறுதியா ஊற வைக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? அதையும் நானா சொன்னேன்?"

அன்று மாலை மகளும் மாப்பிள்ளையும் அந்தப் பச்சைப் பூண்டைப் பார்க்க வந்தார்கள். லிஃப்டிலிருந்து இறங்கியபோதே தாழ்வாரத்தின் கோடியிலிருந்து இரண்டு குரல்களும் கேட்டன. மகள் நின்றாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாடா," என்றாள் மகள். "அம்மா சரியாயிட்டா."

இருட்டறைக்குள் அழைத்துப்போய் இருவருக்கும் காட்டினார்கள். மகள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எலி எதையாவது நக்கிவிட்டு முகத்தைச் சுளிக்கும்போது இந்த இரண்டு பற்கள்தான் அதற்குச் செய்தி சொல்கின்றனவா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அக்கா, பெருமை பிடிபடாமல். மாப்பிள்ளையின் முறை வந்தது. பேச்சு குறைவானவன், எந்த இயந்திரத்தையும் முதலில் காதால் பார்த்துவிட்டுத்தான் கண்ணால் பார்ப்பவன். வெகு நேரம் பார்த்தான்.

"அத்தை, ஒரு சந்தேகம். ஓரத்துல இருக்கற மொட்டெல்லாம் நல்லா எரியுது. துண்டோட நடுவுல இருக்கறது மட்டும் ஏன் கொஞ்சம் கம்மியா இருக்கு?"

அக்காவும் மைனஸ் இருபதும் ஒரே நேரத்தில் மைக்ராஸ்கோப்பை நோக்கிக் குனிந்தார்கள்.

"ஒரு மணி நேரத்துல ஃபார்மலின் நடுவரைக்கும் போய்ச் சேரல," என்றாள் அக்கா. "ஒன்னரை மணி நேரம் வச்சிருக்கணும். அன்னைக்கே நினைச்சேன்."

"நடுவுல சேராததுக்கு நேரமா காரணம்? துண்டு பெருசு," என்றார் மைனஸ் இருபது. "நாக்கைப் பாதியா நறுக்கிப் போட்டிருந்தா முக்கால் மணி நேரமே போதும்."

"பாதியா நறுக்கினா மொட்டெல்லாம் ஓரத்துல கிழிஞ்சு தொங்கும்."

"யார் நறுக்கினா தொங்கும்? நான் நறுக்கினாலா?"

மகள் மாப்பிள்ளையின் விலாவில் இடித்தாள். இருவரும் சுவரைத் தடவிக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அரைமணி கழித்து அந்தப் பக்கமாக வந்த பேராசிரியை கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே இன்னும் முடியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகத் தன் அறைக்குப் போய், விலங்குக் கூடத்துக்குப் போன் செய்து, வரும் வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாக்குகள் கேட்டார்.